பழைய கை, புதிய கன்ட்ரோலர்

கேள்வி: எனக்கு 43 வயது. பள்ளி நாட்களில் கேசட் சொருகி விளையாடும் டிவி கேம், கல்லூரி விடுதியில் கொஞ்சம் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2). அதோடு சரி. போன மாதம் மகனுடைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை வாங்கி லேப்டாப்பில் விளையாடிப் பார்த்தேன். என் ஆள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறான், கேமரா வானத்தைப் பார்க்கிறது. "ஏ அமுக்குங்கப்பா" என்று அவன் கத்தினால், நான் குனிந்து ஏ எங்கே என்று தேடுகிறேன். எனக்கென்று நல்லதாக ஒன்று வாங்கினால் சரியாகுமா? எதை வாங்கலாம்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வாங்கலாம், ஆனால் உடனே வேண்டாம். உங்கள் சிக்கல் எவ்வளவு விலை கொடுத்தாலும் கடையில் தீராது. இரண்டு வாரம் மகனுடையதிலேயே கை பழகட்டும்.

முதலில் அந்த ஏ. நீங்கள் சின்ன வயதில் விளையாடிய டிவி கேம் பெரும்பாலும் ஜப்பானில் 1983-இல் வந்த நின்டென்டோ ஃபேமிகாமின் நகலாகத்தான் இருக்கும். அதில் வலது கட்டைவிரலுக்கு இருந்தது இரண்டே பட்டன்: இடப்பக்கம் பி, வலப்பக்கம் ஏ. நின்டென்டோ இன்றும் ஏ-யை வலது ஓரத்தில்தான் வைக்கிறது. எக்ஸ்பாக்ஸிலோ ஏ கீழே, பி வலது ஓரத்தில். ஆக உங்கள் விரல் தப்புச் செய்யவில்லை, முப்பது வருடத்துக்கு முன் படித்ததை ஒழுங்காகச் செய்கிறது. எழுத்தை மறந்துவிட்டு இடத்தை மனதில் வையுங்கள். மகனிடமும் "ஏ" என்று சொல்லாமல் "கீழ் பட்டன்" என்று சொல்லச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் குனிந்து பார்ப்பது நின்றுவிடும்.

உண்மையான தலைவலி வலது ஸ்டிக், அதாவது கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் தள்ளும் அந்தச் சின்னக் குச்சி. பிஎஸ்2 கன்ட்ரோலரிலும் இரண்டு ஸ்டிக் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் விடுதியில் ஓடியது கிரிக்கெட்டும் மல்யுத்தமும் கார் பந்தயமுமாக இருந்திருந்தால், வலது கட்டைவிரலுக்கு அங்கே பட்டன் வேலை மட்டும்தான். இன்றைய முப்பரிமாண விளையாட்டுகள் பலவற்றில் இடது ஸ்டிக் கால், வலது ஸ்டிக் கழுத்து. நடந்துகொண்டே திரும்பிப் பார்ப்பதை இரண்டு கட்டைவிரலும் பங்கு போட்டுச் செய்ய வேண்டும்.

இதற்கு நான் செய்த பயிற்சி ஒன்று: எதிரி யாரும் இல்லாத இடத்தில் ஒரு மரத்தையோ தூணையோ சுற்றி நடங்கள். சுற்றும்போது அது திரையின் நடுவிலிருந்து விலகக் கூடாது. கோயில் பிரகாரம் மாதிரி தினமும் பத்து சுற்று. மகன் சிரிப்பான், சிரிக்கட்டும். அமைப்புகளுக்குள் போய் கேமரா வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஸ்டிக்கை மேலே தள்ளினால் கேமரா கீழே போவதுதான் உங்களுக்கு இயல்பாக வருகிறது என்றால், மேல்-கீழ் திசையைத் தலைகீழாக்கும் வசதியும் அங்கேயே இருக்கும். இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது: ஸ்டிக்கையே உள்ளே அழுத்தலாம், அதுவும் ஒரு பட்டன். திரையில் ஆர்3 என்று வந்தால் வலது ஸ்டிக்கை அழுத்து என்று பொருள். இது தெரியாமல் நான் ஒரு கதவு முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.

இனி வாங்குவது. விண்டோஸ் லேப்டாப் என்றால் எக்ஸ்பாக்ஸ் அமைப்பில் உள்ளதே சுலபம். பெரும்பாலான விளையாட்டுகள் திரையில் அந்த எழுத்துகளைத்தான் காட்டும். மேசையில் உட்கார்ந்து விளையாட ஒயர் உள்ளது போதும், விலையும் குறைவு. ஒயர் இல்லாத எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு இரண்டு டபுள் ஏ பேட்டரி வேண்டும், சார்ஜ் ஏற்றும் ரகமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடுமானால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதாகப் பாருங்கள். சாதாரண ஸ்டிக்கின் அடியில் ஒரு சின்னத் தகடு உரசிக்கொண்டே இருக்கும். அது தேய்ந்தால் கை வைக்காமலே ஆள் தானாக நடப்பான், டிரிஃப்ட் என்பது இதுதான். ஹால் எஃபெக்டில் காந்தத்தை வைத்து அளப்பதால் அங்கே உரசல் இல்லை. ஏதோ நேற்றுக் கண்டுபிடித்தது போல விளம்பரம் செய்கிறார்கள், சேகா நிறுவனம் 1998-லேயே தன் டிரீம்காஸ்ட் என்ற டிவி கேமின் கன்ட்ரோலரில் வைத்துவிட்டது.

பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள். நான் ஒருமுறை பாதி விலைக்கு ஆசைப்பட்டு, அசல் போலவே இருந்த போலியை வாங்கினேன். பில் இல்லாததால் அது போனது போனதுதான். பில்லை வாங்கி வையுங்கள். பழுதான பொருளைக் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

கேள்வி: பரணில் பழைய பிஎஸ்2 கன்ட்ரோலர் இரண்டு கிடக்கின்றன. லேப்டாப்பில் பயன்படுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: யுஎஸ்பி மாற்றி விற்கிறது, அதைச் செருகினால் லேப்டாப்புக்குத் தெரியும். ஆனால் புதிய விளையாட்டுகள் பல எக்ஸ்பாக்ஸ் வகையை மட்டுமே எதிர்பார்ப்பதால் கண்டுகொள்ளாமல் விடலாம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியது என்றால் அதற்குள்ளேயே எந்தப் பட்டன் எது என்று நீங்களே பொருத்திக்கொள்ளலாம். மாற்றியை வாங்குமுன் கன்ட்ரோலரின் ஒயரையும் பட்டன்களையும் பாருங்கள். பட்டன் அமுங்கியபடியே நின்றால் உள்ளே ரப்பர் போய்விட்டது.