கார்பன் ரேஸ் சைக்கிள்: எடையைப் பார்ப்பதா, அளவைப் பார்ப்பதா?

கேள்வி: சில வருடங்களாக அலுமினிய ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். இப்போது கார்பன் ஃபைபர் ரேஸ் சைக்கிள் வாங்கும் எண்ணம். இரண்டு மாடல்களில் வந்து நிற்கிறேன். ஒன்று 7.2 கிலோ, இன்னொன்று 8.1 கிலோ. லேசானதன் விலை மிக அதிகம். கொடுக்கலாமா?

பதில்: எடைக்காக மட்டும் என்றால் வேண்டாம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 900 கிராம் என்பது அதில் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 40 நிமிடம் பிடிக்கும் மலையேற்றத்தில் மிச்சமாவது அரை நிமிடம்கூட இல்லை. சமதளத்தில் 35 கி.மீ. வேகத்தில் போகும்போது உங்கள் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. அந்தக் காற்றை அதிகம் தடுப்பது சைக்கிள் அல்ல, உங்கள் உடம்புதான். சர்வதேசப் போட்டிகளிலேயே 2000 முதல் 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. எடை குறைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

ஆகவே தராசை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு மாடல்களின் அளவு அட்டவணையையும் எடுங்கள். அதில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெடல் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில் பகுதியின் குழாய் உச்சி வரை நேர் உயரம் ஸ்டாக். அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே படுக்கைவாக்கில் உள்ள தூரம் ரீச். ‘54’, ‘மீடியம்’ என்று ஒட்டியிருக்கும் சீட்டை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 56 மாதிரி இருக்கும். இப்போது ஓட்டும் சைக்கிளின் எண்களோடு ஒப்பிட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும். முதுகு, கழுத்து வலி இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்ட முடிகிறதா? அப்படியானால் அதற்கு அருகில் உள்ள அளவைத் தேடுங்கள். ரேஸ் வடிவ ஃபிரேமில் ஸ்டாக் குறைவு, குனிவு அதிகம். நீண்ட தூரம் ஓட்டுவதற்கான எண்டியூரன்ஸ் வடிவத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டான ஸ்டெம்முக்குக் கீழே வளையங்களை அடுக்கி அடுக்கித்தான் உட்கார முடிகிறது என்றால் அந்த ஃபிரேம் உங்களுக்கானது அல்ல, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போதைய பல மாடல்களில் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக வருகின்றன, பிரேக் குழாய்கள் உள்ளே ஓடுகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் ஸ்டெம் உங்களுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதல் நீளம் என்று பிறகு தெரிந்தால் முழுத் துண்டையே மாற்ற வேண்டும். பல மாடல்களில் பிரேக் குழாயைக் கழற்றி, திரும்பவும் எண்ணெய் நிரப்பிக் காற்றெடுக்கவும் வேண்டியிருக்கும். சரியான நீளத்தை வாங்கும்போதே மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டுவிடுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால் பதிலின் தொனியே வேறாக இருக்கும்.

கேள்வி: ஒரு விளம்பரத்தில் ‘டி1000 கார்பன்’ என்று போட்டிருக்கிறார்கள். டி700-ஐ விட நல்லதா?

பதில்: இவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். டி1000 இழையின் இழுவலிமை அதிகம் என்பது உண்மை. ஆனால் முழு ஃபிரேமையும் ஒரே இழையில் செய்வது அபூர்வம். எந்த இழையை எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு வைத்தார்கள் என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கிறது, அதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. பெயரை விட உத்தரவாதக் காலம் எவ்வளவு, விழுந்து உடைந்தால் சலுகை விலையில் மாற்று ஃபிரேம் உண்டா என்பதைக் கேளுங்கள்.

கேள்வி: டயர், பிரேக், கியர் விஷயத்தில் எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்?

பதில்: டயருக்கு. ஃபிரேமில் 30, முடிந்தால் 32 மி.மீ. டயர் நுழைய வேண்டும். அகலமான டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். கரடுமுரடான சாலையில் அந்தச் சுகத்தை எந்தக் கார்பனும் தராது. சக்கரத்தின் ரிம் ‘ஹுக்லெஸ்’ வகையா, அதாவது டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாததா என்றும் பாருங்கள். அந்த வகைக்கு ஏற்றது என்று எழுதியுள்ள டயரை மட்டுமே போட வேண்டும், அழுத்தமும் 5 பாரைத் தாண்டக் கூடாது. பிரேக்கில் யோசிக்க ஒன்றுமில்லை, புதிய மாடல்கள் கிட்டத்தட்ட எல்லாமே டிஸ்க்தான். எலக்ட்ரானிக் கியர் இன்பம், அவசியமில்லை.

கேள்வி: பழைய கார்பன் சைக்கிள் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் படத்தைப் பார்த்து வேண்டாம். அலுமினியம் அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். கார்பன் மேலே பெயின்ட் பளபளக்க உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தோள், பெடல் அச்சைச் சுற்றிய பகுதி, பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்கள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமானால் சந்தேகப்படலாம். ஆனால் சத்தம் நன்றாக இருப்பதாலேயே பழுதில்லை என்று ஆகிவிடாது. சீட் போஸ்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். சில நேரம் உள்ளேயே இறுகிப் போயிருக்கும். ஸ்டெம்மைக் கழற்றி, ஃபோர்க்கின் மேல் குழாயில் இறுக்கிய தடம் பதிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் கிளம்பிவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. அதையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். விற்பவர் கழற்றிக் காட்டத் தயங்கினால் பேரமே வேண்டாம்.