டியூ டேட் தாண்டியும் வலி வரவில்லையா? கேள்வி பதில்

வலி வரவைத்துப் பிரசவம் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்.

தென்காசி: டாக்டர், கடைசி மாதவிலக்குக் கணக்குப்படி டியூ டேட் தாண்டி 8 நாள் ஆச்சு. ஒன்பதாம் மாச ஸ்கேன்ல இன்னும் 10 நாள் இருக்குன்னு போட்டிருக்காங்க. எதை நம்புறது?

பதில்: ஒன்பதாம் மாத ஸ்கேன் தேதியை மறந்துவிடுங்கள். அதில் 3 வாரம் வரை முன்பின் ஆகும். குழந்தை சற்று ஒல்லியாக இருந்தாலே நாள் குறைவாகக் காட்டும். மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேனைத் தேடி எடுங்கள். தலை முதல் புட்டம் வரை நீளம் அளந்து போடும் அந்தத் தேதியில் பிழை ஒரு வாரத்துக்குள்தான். அது 9 முதல் 13 வாரத்தில் எடுத்ததாக இருந்து, மாதவிலக்குக் கணக்கோடு 7 நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதிதான் கணக்கு. இல்லையென்றால் மாதவிலக்குத் தேதியே சரி. ஒருமுறை முடிவான பிறகு அந்தத் தேதியை எந்த ஸ்கேனும் மாற்றக் கூடாது.

உங்கள் மாதவிலக்குத் தேதி சரியென்றால் 41 வாரம் கடந்துவிட்டது. இன்றே போய்க் காட்டுங்கள். ஸ்வீடனில் 2,760 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 41 வாரத்தில் வலி வரவைத்தவர்களில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 42 வாரம் வரை காத்திருந்தவர்களில் 6 குழந்தைகள் இறந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவு வெளிவந்தது 2019இல்.

சேலம்: என் தங்கைக்குக் காலைல ஜெல் வச்சாங்க. 6 மணி நேரமாச்சு, வலியே இல்ல. ஃபெயில் ஆயிடுச்சா? சிசேரியன்தானா?

பதில்: இல்லை, இன்னும் தொடங்கவேயில்லை. கர்ப்பப்பை வாயில் வைக்கும் இந்த ஜெல்லின் முதல் வேலை அந்த வாயைப் பக்குவப்படுத்துவது. வலி அதற்குப் பிறகு. கை வைத்துப் பார்க்கும்போது ஐந்து விஷயம் பார்ப்போம்: வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையாக இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா, பின்பக்கம் இருக்கிறதா முன்னால் வந்திருக்கிறதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. இதுதான் பிஷப் மதிப்பெண். மொத்தம் 13. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் பக்குவப்படுத்தாமல் வலி வரவைக்கும் டிரிப்ஸ் ஏற்றிப் பயனில்லை. மூக்கு நுனிபோல் கெட்டியாக இருக்கும் வாய், உதடுபோல் மென்மையாக வேண்டும்.

ஜெல் ஒரு சிரிஞ்சில் மருந்து 0.5 மில்லிகிராம். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. வெளியே கிடந்தால் வீரியம் போய்விடும். வைத்த பிறகு அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும், உடனே எழுந்து நடந்தால் ஒழுகிவிடும். 6 மணி நேரம் கழித்துப் பார்த்து இன்னொன்று வைக்கலாம். 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. இல்லையென்றால் ஃபோலி கேதீட்டர், அதாவது நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய். கர்ப்பப்பை வாயைத் தாண்டி உள்ளே செலுத்தி, அதன் பலூனில் 30 முதல் 60 மில்லி சலைன் நிரப்பி, குழாயை லேசாக இழுத்துத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். வாய் 3 சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்ததும் பலூன் தானே விழும். பிறகு பனிக்குடத்தை உடைத்து, வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். பனிக்குடம் உடைந்து, டிரிப்ஸ் 12 மணி நேரமாவது ஓடிய பிறகும் வாய் திறக்கவில்லை என்றால்தான் ஃபெயில் என்று சொல்லலாம். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை இந்தக் கணக்கு. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினால் அது வேறு பேச்சு.

பெயர் வேண்டாம்: குழந்தை அசைவு நேத்து ராத்திரிலேர்ந்து கம்மியா இருக்கு. நாளைக்குத்தான் அட்மிஷன்.

பதில்: இப்போதே கிளம்புங்கள்.

விருதுநகர்: விளக்கெண்ணெய் ரெண்டு ஸ்பூன் குடிச்சா வலி வரும்னு மாமியார் சொல்றாங்க. சீரகக் கஷாயமும் தர்றாங்க.

பதில்: சீரகக் கஷாயம் குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் பனிக்குடம் உடைந்த பிறகோ ரத்தம் பட்ட பிறகோ சூட்டு வலியா நிஜ வலியா என்று கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, பிரசவத்துக்கு முன்பே உடம்பில் நீர் வற்றிப்போகும்.

ஓசூர்: வலி வர்ற மாத்திரை 200 மைக்ரோகிராம்னு மெடிக்கல்ல கிடைச்சுது. கால் பாகமா உடைச்சுப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. நிறைமாதத்தில் ஒரு வேளை அளவு 25 மைக்ரோகிராம். 200இல் கால் பாகம் என்றால் 50, அதாவது இரண்டு மடங்கு. அதுவும் கையால் உடைத்தால் எந்தத் துண்டில் எவ்வளவு மருந்து என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் இரண்டு வலிகளுக்கு நடுவே குழந்தைக்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைக்காது. விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. மருத்துவமனையில் வாய்வழி 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 25 கொடுக்கிறோம் என்றால், ஒவ்வொரு முறையும் வயிற்றில் கைவைத்து வலியை எண்ணி, குழந்தையின் துடிப்பைக் கேட்ட பிறகுதான்.

கரூர்: முதல் பிரசவம் சிசேரியன். இப்ப 40 வாரம். அந்த மாத்திரை ஆகுமா?

பதில்: ஆகாது. பழைய தையல் பிரிந்து கர்ப்பப்பை கிழியும் அபாயம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தரவு 2001இல் வெளிவந்தது: தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்கு 5 பேருக்குக் கிழிந்தது, ஜெல், மாத்திரை என்று இந்த வகை மருந்து வைத்தவர்களில் ஆயிரத்துக்கு 24 பேருக்கு. உடனே அறுவை செய்ய வசதியுள்ள இடத்தில், கேதீட்டர் வைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கோவை: வலி வரவச்சாலே கடைசில சிசேரியன்தான். இதை ஏன் யாரும் ஒத்துக்க மாட்டேங்கறீங்க?

பதில்: தரவு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓர் ஆய்வு: முதல் பிரசவத்துக்கு வந்த 6,106 பெண்கள், வேறு சிக்கல் இல்லாதவர்கள். 39 வாரத்தில் வலி வரவைத்தவர்களில் 18.6 சதவீதம் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2. இது 2018இல் வந்த முடிவு.

திருச்சி, ஸ்டாஃப் நர்ஸ்: மேடம், அங்க ஒரு அம்மாவுக்கு ஒரு நர்ஸ். இங்க ஒருத்தர் எத்தனை கட்டில் பார்க்கறோம்னு உங்களுக்கே தெரியும். எல்லாருக்கும் 39 வாரத்துல ஜெல் வச்சா லேபர் வார்டு தாங்குமா?

பதில்: தாங்காது. அதனால்தான் காரணமே இல்லாமல் எல்லாருக்கும் 39 வாரத்தில் செய்யச் சொல்வதில்லை. ஆனால் கர்ப்பத்தில் ரத்தக்கொதிப்பு வந்திருந்தால் 37 வாரம் முடிந்ததும் காத்திருப்பதில் லாபமில்லை. அவர்களுக்கு எப்படி வலி வரவைப்பது என்பதற்கு நம் நாட்டு ஆய்வே இருக்கிறது. நாக்பூரில் ரத்தக்கொதிப்புள்ள 602 பெண்கள்: மாத்திரை கொடுத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம், கேதீட்டர் வைத்தவர்களில் 47.

கோவை: அப்போ என் அக்காவுக்கு ஏன் 8 மணி நேரத்துலயே ஆபரேஷன்?

பதில்: துடிப்பு இறங்கியதா, பனிநீர் பச்சையாக வந்ததா என்று கேஸ் ஷீட்டில் இருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் 8 மணி நேரத்தில் முடித்திருந்தால் உங்கள் கோபம் நியாயமானது. அது மருந்தின் தோல்வி அல்ல, அவசரப்பட்டது. நேரம் கொடுக்க முடியாத இடத்தில் தொடங்கவே கூடாது.

திருச்சி, ஸ்டாஃப் நர்ஸ்: அதைத்தான் நானும் சொல்றேன்.

பதில்: ஆம், உங்கள் பக்கம்தான் இருக்கிறேன்.

ஈரோடு: 40 வாரம் ஆச்சு, வலி வரல. என்ன செய்ய?

பதில்: இதே கேள்வி இன்று பலமுறை வந்துவிட்டது. தென்காசிக்குச் சொன்னதுதான்: முதல் ஸ்கேன், முதல் ஸ்கேன்.

திண்டுக்கல்: டிரிப்ஸ் ரொம்ப மெதுவா போகுது. வேகமா வைக்கச் சொல்லலாமா? இல்ல வலி வர்றதுக்கு இடுப்புல ஊசி போட்டுடலாமா?

பதில்: மெதுவாகப் போவதுதான் சரி. 500 மில்லி பாட்டிலில் 5 யூனிட் ஆக்ஸிடோசின் கலந்தால், 20 சொட்டுக்கு ஒரு மில்லி விழும் டிரிப்ஸ் குழாயில் ஒரு சொட்டுக்கு அரை மில்லியூனிட் மருந்து. நிமிடத்துக்கு 4 சொட்டில் தொடங்கி அரை மணிக்கு ஒருமுறை கூட்டுவோம். பத்து நிமிடத்தில் மூன்று நான்கு நல்ல வலி வந்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்வோம். டிரிப்ஸ் குழாயில் வேகத்தை மாற்றும் சக்கரத்தை உடன் இருப்பவர்கள் தொடவே கூடாது. வலி மிஞ்சினால் டிரிப்ஸை மூடலாம், மருந்தின் வேகம் சில நிமிடங்களில் குறையும். அதே மருந்தைப் பிரசவத்துக்கு முன் இடுப்பில் ஊசியாகப் போட்டால் மூட வழியே இல்லை. யார் போட வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

தஞ்சாவூர்: வியாழக்கிழமை 9 மணிக்கு மேல நல்ல நேரம். அதுக்குள்ள பிறக்கிற மாதிரி ஜெல் வைக்கலாமா?

பதில்: முடியாது. முதல் பிரசவத்துக்கு ஒரு நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

புதுச்சேரி: சர்க்கரைக்கு இன்சுலின் போடறேன். எப்ப வரச் சொல்வாங்க?

பதில்: கட்டுப்பாட்டில் இருந்தால் 39 வாரத்தில். கட்டுப்பாடு இல்லையென்றால் அதற்கும் முன்பே.

நாமக்கல்: பிரசவம் ஆனதும் என்ன பத்தியம்?

பதில்: இன்று வலி வரவைப்பது பற்றி மட்டும். அதை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

வேலூர்: நாளைக்குக் காலைல ஜெல். வெறும் வயித்தோட போகணுமா?

பதில்: வேண்டாம். இட்லி, கஞ்சி மாதிரி ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வலி பிடித்த பிறகு இளநீர், மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். அதற்குமேல் என்ன சாப்பிடலாம் என்று வார்டில் சொல்வார்கள்.