வீட்டுக்கு வர்ற வழியில எதுவும் கேக்காதீங்க (வாசகர் கடிதமும் பதிலும்)

அக்கா வணக்கம். திருமங்கலம் பக்கம் இருக்கோம். மகளுக்கு 13 வயசு, 400 மீட்டர் ஓடுறா. போன வருசம் ஜோனல் போட்டியில பர்ஸ்ட், இந்த வருசம் அஞ்சாவது. டைமிங்கும் கூடிருச்சு. அவ அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு, அவரே போன்ல டைம் பாத்து எழுதி வைப்பாரு, அன்னைக்கு வர்ற வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தாரு. மூணு நாளா பிள்ளை பேசல. சொந்தக்காரங்க வேற வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஓட்டம் எதுக்குன்றாங்க. நிப்பாட்டிரலாமா?
– ஒரு அம்மா

தங்கச்சிக்கு,

நிப்பாட்டாதீங்க. முதல்ல டைமிங் விசயத்தை சொல்லிடுறேன், ஏன்னா வீட்டுல இவ்வளவு சண்டை அதுலதான் வந்திருக்கு. 12, 13, 14 வயசுல பொம்பளப்பிள்ளைங்களுக்கு உடம்பு வேகமா மாறும், உயரம் கூடும், எடை கூடும், பழைய ஓட்டம் புது உடம்புக்கு செட் ஆக கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் டைமிங் அப்படியே நிக்கும், சிலருக்கு பின்னாடியும் போகும். இதுக்கு சோம்பேறின்னு அர்த்தம் இல்ல. பீரியட்ஸ் ஆரம்பிச்சிருந்தா ஒருதடவை ரத்தம் டெஸ்ட் பண்ணி ஹீமோகுளோபின் பாத்திருங்க, இரும்புச்சத்து கம்மியா இருந்தா எவ்வளவு பிராக்டீஸ் பண்ணாலும் மூச்சு வாங்கும். முட்டை, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, நல்ல தூக்கம், இதுல குறை வைக்காதீங்க.

உங்க வீட்டுக்காரரு அண்ணன் மேல எனக்கு கோவம் இல்ல, நானும் அதையேதான் செஞ்சேன். என் பையன் 800 மீட்டர் ஓடிக்கிட்டு இருந்தான், ஒவ்வொரு மீட் முடிஞ்சு வண்டியில வர்றப்பவும் கடைசி ரவுண்டுல ஏன்டா விட்டுட்டன்னு கேட்டுக்கிட்டே வருவேன், அக்கறைன்னுதான் நினைச்சேன். ஒருநாள் துணி துவைக்கிறப்ப அவன் பனியன்ல கையில ஏதோ குத்துச்சு, பாத்தா நெஞ்சுப்பக்கம் ரெண்டு சேப்டி பின்னு, செஸ்ட் நம்பர் கிழிஞ்ச பேப்பர் ஓரத்தோட. மீட்டுக்கு போயிட்டு வந்திருக்கான், எங்கிட்ட சொல்லவே இல்ல. அன்னைக்கு கிணத்தடியில உக்காந்து அழுதேன் தங்கச்சி. ஜெயிச்சானா தோத்தானான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேக்கல.

உங்களுக்கு சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை தெரிஞ்சிருக்கும், நம்ம மதுரைப் பிள்ளை. சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க, பாட்டி ஆரம்மாள்தான் வயக்காட்டுலயும் செங்கச் சூளையிலயும் வேலை பாத்து அவளையும் தங்கச்சியையும் வளத்தாங்க. பிள்ளைங்களை வேலைக்கு அனுப்புன்னு சொந்தக்காரங்க சொன்னப்ப அந்தப் பாட்டி கேக்கல, படிக்க வச்சாங்க. ரேவதி ஸ்கூல்ல ஓடுனது வெறுங்கால்ல. கோச் கண்ணன் வந்து கூப்பிட்டப்ப பாட்டி முதல்ல யோசிச்சாங்க, அப்புறம் நம்பி அனுப்புனாங்க. 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல கலப்பு 4x400 ரிலேல, அதாவது ஆம்பள பொம்பள சேந்து நாலு பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடுற ஓட்டத்துல, அந்தப் பிள்ளை ஓடுச்சு, டீம் பைனலுக்கு போகல, ஆனா சக்கிமங்கலத்துல இருந்து ஒலிம்பிக் டிராக் வரைக்கும் போயிருச்சுல்ல!

நான் சொல்ல வர்றது என்னன்னா, ஸ்டாப்வாட்ச் பாக்க கோச் இருக்காங்க, தப்பு சொல்லவும் அவங்க இருக்காங்க, சாப்பாடு பஸ் காசு அப்புறம் சொந்தக்காரங்களுக்கு பதில் சொல்றது இந்த மூணையும் வீட்டைத் தவிர வேற யாரும் செய்ய மாட்டாங்க. ரேவதி பாட்டிக்கு 400 மீட்டர் டைமிங் தெரிஞ்சா பேத்தியை வளத்தாங்க? ரேவதிக்கு சரியான கோச் கிடைச்சதே பிளஸ் டூ படிக்கிறப்பதான், உங்க மகளுக்கு இப்ப 13 தான் ஆகுது, அதையும் நினைச்சுக்கோங்க.

வயசுக்கு வந்த பிள்ளைன்னு பேசுறவங்களுக்கு அவ முன்னாடியே பதில் சொல்லுங்க, "அவ ஓடுவா, நாங்க பாத்துக்கிறோம்"னு, அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அவ காதுல அது விழணும், அதுதான் முக்கியம். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ரெண்டு வாங்கிக் குடுங்க, இது யாரும் சொல்லமாட்டாங்க, கூச்சத்துலயே எத்தனையோ பிள்ளைங்க கிரவுண்டை விட்டு போயிருதுங்க. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விடுதிக்கு வருசா வருசம் செலக்சன் வைக்கிறாங்க, தங்குறது சாப்பாடு பயிற்சி எல்லாம் அங்கயே, பி.டி. டீச்சர்கிட்ட கேட்டு வைங்க, ஆனா போறதா வேண்டாமான்னு மகளே சொல்லட்டும்.

மூணு நாள் பேசாததுக்கு அவளைக் கூப்பிட்டு வச்சு விசாரிக்க வேண்டாம். நாளைக்கு பிராக்டீஸுக்கு அண்ணனையே ஆட்டோவுல கொண்டுபோய் விடச் சொல்லுங்க. அன்னைக்கு திட்டுனது தப்புன்னு அவரு வாயால ஒருதடவை சொல்லட்டும், போன் மட்டும் சட்டைப்பையிலயே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா