கன்னியாகுமரி மாவட்டத்தில் சர்ச்சுக்கு ஜீன்ஸ் போட்டுப் போகலாமா?

போகலாம், யாரும் வாசலில் தடுக்க மாட்டார்கள். ஆனால் பின்வரிசையில் இருக்கும் பாட்டி ஒருவர் தலைமுதல் கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். அதற்குத் தயாராகப் போங்கள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை உடுப்பு வெறும் அலங்காரம் இல்லை. இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்களுக்கு மேலுடம்பை மறைக்க உரிமை கிடையாது. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியத் தொடங்கியதும் உயர்சாதியினர் அவர்கள் துணியைக் கிழித்தார்கள், சர்ச்சுகளையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைக் கலகம் 1859-இல் மன்னர் அறிவிப்புக்குப் பிறகுதான் ஓய்ந்தது. அதிலும், உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி! நம் பாட்டிமார் முந்தானையை அவ்வளவு கவனமாக இழுத்துவிடுவதில் அந்தப் பழைய கதையும் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, இன்றைக்கு? சேலை, அல்லது துப்பட்டாவோடு சுடிதார். ஆண்களுக்கு வேட்டியோ பேன்ட்டோ, சட்டை மட்டும் இஸ்திரி போட்டிருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நாளில் வெள்ளை கூடுதலாகத் தெரியும். ஜெபத்தின்போது பல பெண்கள் முக்காடு போடுவார்கள். பெந்தெகொஸ்தே சபை என்றால் நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. ஜீன்ஸ்கூடப் பரவாயில்லை, அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம்.