கன்ன வீக்கத்தை விடுங்கள், படபடப்பைக் கவனியுங்கள்

கன்னம் வீங்கியிருக்கிறது, முடி கொட்டுகிறது, இது புற்றுநோயா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். கன்னத்தில் இருப்பது புற்றுநோய் இல்லை. யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வலியில்லாமல் வீங்கியிருக்கிறது என்கிறீர்கள், சாப்பிட்டதும் விரலை விட்டு வாந்தி எடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்கிறவர்களுக்குக் காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி புடைத்துக்கொள்ளும். வாந்தி நின்றால் மெல்ல வடியும். முடி கொட்டுவதும் மாதவிலக்கு தள்ளிப்போவதும் பெரும்பாலும் சாப்பாடு ஒழுங்கானால் சரியாகிவிடும். தைராய்டு மூன்று முறையும் நார்மல், நாலாவது டெஸ்ட் வேண்டாம்.

இத்தனைக்கும் நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்கிறீர்கள்: படியேறினால் நெஞ்சு படபடக்கிறது, கால் துவள்கிறது, போன வாரம் அடுப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன் என்று. எனக்குப் பயம் தந்தது இந்த ஒரு வரிதான். வாந்தியிலும் பேதியிலும் உடம்பிலிருந்து பொட்டாசியம் போய்விடும். அது ரொம்பக் குறைந்தால் இதயத்தின் துடிப்பே தாளம் தப்பும், சிலருக்கு அப்படியே நின்றும் போகும். எடை நார்மலாக இருப்பவர்களுக்கும் இது நடக்கும், அதனால் நான் ஒல்லி இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இன்றோ நாளையோ அரசு மருத்துவமனைக்காவது போய் ஈசிஜியும், ரத்தத்தில் எலக்ட்ரோலைட்டும், அதாவது பொட்டாசியம் மாதிரி உப்புகளின் அளவும் பாருங்கள். மயக்கம் திரும்ப வந்தால் 108. அங்கே டாக்டரிடம் வாந்தி எடுக்கிறேன், பேதி மாத்திரை போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இளநீர் போதாதா என்று கேட்க வேண்டாம், மெடிக்கலில் பொட்டாசியம் சிரப் வாங்கி நீங்களாகக் குடிக்கவும் வேண்டாம், அது கூடினாலும் இதயத்துக்குத்தான் ஆபத்து.

பேதி மாத்திரை, நீர் மாத்திரை, அந்த ‘ஸ்லிம்மிங் டீ’ மூன்றையும் நிறுத்துங்கள். கொழுப்பு இவற்றால் குறைவதில்லை, போவதெல்லாம் தண்ணீரும் உப்பும்தான். நிறுத்தியதும் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொஞ்ச நாள் எடை ஏறினதுபோல் காட்டும்.

அப்போது ஞாயிற்றுக்கிழமை மெஷின் வந்து நிற்கும், இல்லையா? வாரா வாரம் கணவர் உங்களை எடை மெஷினில் நிற்க வைக்கிறார், கூடியிருந்தால் இரண்டு நாள் பேசமாட்டார், தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டால் அவர் அம்மா முன்னால் கேலி, செலவுக்குக் காசு கேட்டால் கணக்கு. “ஆனாலும் என்னை ஒருநாளும் அடித்ததில்லை, எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதா டாக்டர்?” என்று முடித்திருக்கிறீர்கள். கெடவில்லை அம்மா. சாப்பிட்டதை வாந்தியாலும் பேதி மாத்திரையாலும் வெளியேற்றும் இந்த ‘புலிமியா’ நோய் கல்லூரியில் டயட் இருந்த காலத்திலேயே தலைகாட்டியிருக்கலாம், எல்லாப் பழியையும் அவர் மேல் போட மாட்டேன். ஆனால் வீட்டில் எதுவுமே தன் கையில் இல்லை என்று ஆகும்போது, சாப்பாட்டையும் வாந்தியையும் மட்டுமாவது தன் பிடியில் வைத்துக்கொள்ளும் பெண்களை நிறையப் பார்க்கிறோம். வாந்தி எடுத்த வெட்கம் அவர் சொல்வதெல்லாம் சரிதான் என்று நம்ப வைக்கும், அந்தப் பேச்சு மறுபடி குளியலறைக்கு அனுப்பும். இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரிடம் போனால் குணமாகக்கூடியது.

இதற்கு வைத்தியம் செய்யும்போது வீட்டில் ஒருவரைச் சாப்பாட்டு நேரத்தில் கூட உட்காரச் சொல்வது உண்டு. உங்களுக்கு அதை, உங்கள் கணவரை வைத்துச் செய்யச் சொல்லமாட்டேன், உங்கள் தட்டை ஏற்கெனவே அவர் கண்காணித்ததெல்லாம் போதும். டாக்டரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று நீங்களே கேளுங்கள், கூட வந்தவர் வெளியே இருக்கட்டும். அக்காவோ அம்மாவோ, நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்காவிட்டாலும், வார்த்தையால் வதைப்பதையும் பணத்தை முடக்குவதையும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. வழக்குப் போடச் சொல்லவில்லை, அது உங்கள் முடிவு. பெண்கள் உதவிக்கு 181, மனநலத்துக்கு 14416, இரண்டும் இலவசம். கணவர் உங்கள் போனை எடுத்துப் பார்ப்பவர் என்பதால் மருத்துவமனையில் நர்ஸிடம் கேட்டு அங்கிருந்தே பேசுங்கள். எங்கே போனாய் என்று வீட்டில் கேட்டால் மயக்கத்துக்குக் காட்டப் போனேன் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.