வயது ஏறியும் ஹெவி மெட்டல் கேட்பவர்கள் இருக்கிறீர்களா? அந்த இரைச்சலில் அப்படி என்னதான் இருக்கிறது?

இருக்கிறோம். மட்டக்களப்பிலும் இருக்கிறோம். 'இரைச்சல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் கேட்பவர் நீங்கள் இல்லை, வீட்டில் யாரோ கேட்டு உங்கள் உயிரை வாங்குகிறார்கள் என்று தெரிகிறது. கணவரோ அண்ணனோ, நான் அவர் பக்கம்தான்.

எனக்கு அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு வந்தது சவூதியிலிருந்து. எண்பதுகளின் கடைசியில் மாமா லீவில் வந்தபோது ஒரு நேஷனல் பனசோனிக் செட்டும் பை நிறையக் கசட்டும் கொண்டுவந்தார். ஒரு கசட்டின் அட்டையில் பிரமிட் படம். எகிப்துக்காரரின் அரபுப் பாட்டாக்கும் என்று வாங்கியிருக்கிறார். போட்டு அரை நிமிடம் கேட்டார். "இது உனக்குத்தான் சரி மனே, கொண்டு போ" என்று கையில் தந்துவிட்டார். 1984இல் வந்த 'பவர்ஸ்லேவ்' அது.

மறுகா என்ன, கரண்ட் இல்லாத காலம் முழுக்க அதுதான். பற்றரி இறங்கினால் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் குரல் மெல்ல மெல்லத் தடித்து, நித்திரை வந்தவர் போல இழுபடும். பற்றரியைக் கழற்றிக் கூரையில் வெயிலுக்கு வைத்துவிட்டுக் காத்திருப்போம். சூடு ஏறியதும் இன்னும் இரண்டு பாட்டு ஓடும்.

கடைசிப் பாட்டு 13 நிமிடத்துக்கு மேல். கோல்ரிட்ஜ் எழுதிய பழைய ஆங்கிலக் கவிதைதான் கதை: கடற்பறவையைக் கொன்ற மாலுமியும் சபிக்கப்பட்ட கப்பலும். நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் பலகை கிறீச்சிடும் சத்தமும் ஒரு குரலும் கேட்கும். இதைப் போய் இரைச்சல் என்றால் எப்படி? விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த நீளமெல்லாம் ஒரு நீளமா?

குழுவைத் தொடங்கிய ஸ்டீவ் ஹரிஸின் பேஸ் கிட்டாரை, அந்தத் தடித்த அடிக்குரல் கிட்டாரை, தனியாகக் கவனியுங்கள். மற்றக் குழுக்களில் பேஸ் எங்கோ பின்னால் கிடக்கும். இவர் பிக் என்ற சின்னத் தகடு இல்லாமல் விரலாலேயே மீட்டி, ஒரு நீளத் தட்டு, இரண்டு குறுந்தட்டு என்று பாட்டையே இழுத்துக்கொண்டு ஓடுவார்.

'சாத்தான் பாட்டு' என்று சொல்ல வருபவர்களுக்கு: என் மாமியும் அதைத்தான் சொன்னார். 1982இல் இவர்களின் 'நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' வந்தபோது அமெரிக்காவில் இசைத்தட்டுகளைப் போட்டு எரித்தார்கள். விசயம் என்னவென்றால், ஹரிஸ் ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டுக் கண்ட கெட்ட கனவு அந்தப் பாட்டு. அவ்வளவுதான். இளையராஜா கேட்க மாட்டாயா என்பவர்களுக்கு: கேட்பேன். கோயில் சடங்கு நேரத்தில் செட்டை நிறுத்தியும் வைப்பேன். போதுமா?

இதைச் சொல்லும்போது எனக்கு என் மச்சான் மேல்தான் எரிச்சல் வருகிறது. லண்டனில் இருக்கிறார், அதுவும் கிழக்கு லண்டனில். 1975இல் ஹரிஸ் குழுவைத் தொடங்கிய லெய்ட்டன் அங்கேதான். ஹரிஸ் கிட்டாரில் சின்னமாகவே போட்டிருக்கும் வெஸ்ட் ஹாம் காற்பந்து அணியின் பழைய மைதானம் இருந்த இடம் இவர் மரக்கறி வாங்கும் தெருப் பக்கம். ஒரு நாள் எட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "அங்க என்னடா இருக்கு, வெறும் கட்டிடம்" என்கிறார். ஆனால் ஊருக்கு வந்தால் கல்லடிப் பாலத்தில் நின்று எங்களையே மறித்து நூறு செல்ஃபி. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு நாம் வேனும் பிடித்து, நண்டும் வாங்கிச் சமைத்து, படமும் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாம் கேட்கும் ஒன்றுக்கு மட்டும் நேரம் இருக்காது. சரி, விடுங்கள்.

ஒரு முறையாவது நல்ல ஹெட்போனில் 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டுப் பாருங்கள். டிக்கின்சன் விலகியிருந்த காலத்தில் பிளேஸ் பெய்லி பாடிய இரண்டு ஆல்பங்களையும் தொடவே கூடாது என்று கீழே யாராவது வந்து எழுதுவார்கள். 1995இல் வந்த 'எக்ஸ் ஃபேக்டர்' அப்படித் தள்ளிவிடக் கூடியது இல்லை. சண்டைக்கு வருபவர்கள் அதை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.