கொழுத்த குட்டிகள் வெளிறிச் சாவது ஏன்?

கேள்வி: இரண்டு தாய்ப்பன்றிகள் வளர்க்கிறேன். கொட்டிலின் மண்தரையை மாற்றி சிமெண்டுத் தரை போட்ட பிறகு, ஒன்று பத்துக் குட்டி போட்டது. முதல் மூன்று நாளில் இரண்டு, தாயின் அடியில் நசுங்கிவிட்டன. இரண்டு வாரம் கழித்து, கொழுகொழுவென்று இருந்த மூன்று குட்டிகள் வெளிறிப்போய், மூச்சு வாங்கிச் செத்தன. தாய்க்குப் பால் நன்றாகவே இருக்கிறது. இன்னொன்று சினையாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகைதான். மண்தரையில் இருந்தவரை குட்டிகள் மண்ணைக் கிளறித் தின்று சமாளித்திருக்கும். சிமெண்டில் அதற்கு வழியில்லை. குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம்தான். தாய்க்கு என்னதான் தீவனம் போட்டாலும் இந்தக் குறை தீராது. நன்றாகக் குடித்து வேகமாக வளரும் குட்டிக்கு இரத்தத் தேவையும் அதிகம், அதனால் முதலில் போவதும் அதுதான். நோஞ்சான் குட்டி தப்பிவிடும். பலரும் இதைக் கண்ணேறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

மிச்சமுள்ள ஐந்தையும் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ கழிச்சலோ இருந்தால் கதை வேறு. அடுத்த ஈற்றில், பிறந்த மூன்றாம் நாள் ஒவ்வொரு குட்டிக்கும் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி கழுத்துச் சதையில் போடவேண்டும். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள மருந்தும் உண்டு, 200 உள்ளதும் உண்டு. பாட்டிலைப் படிக்காமல் ஊசியில் ஏற்றாதீர்கள், அளவு மீறினால் நஞ்சு.

நசுங்குவதற்குத் தாயைக் குறை சொல்ல வேண்டாம். சுவரில் சாய்ந்து சரிந்து படுக்கும்போது குட்டி நடுவில் மாட்டிக்கொள்கிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்தும் ஒரு சாண் உயரத்தில் சுற்றிலும் கம்பியோ உருட்டுக்கட்டையோ அடித்துவிடுங்கள். அந்தச் சந்தில் குட்டி புகுந்துகொள்ளும். இன்னொரு காரணம் குளிர். பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வெப்பம் தேவை, தாய்க்கோ அது புழுக்கம். கொட்டில் முழுவதையும் சூடாக்காமல், தாய் எட்டாத ஒரு மூலையில் வைக்கோல் பரப்பி, குண்டு பல்பு தொங்கவிடுங்கள். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது. பல்பை விட்டு விலகிப் படுத்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் படுத்திருந்தால் சரி.

சினைப்பன்றியைக் கிடாயுடன் சேர்த்த தேதி நினைவிருக்கிறதா? அதிலிருந்து 114 நாள் எண்ணுங்கள். இரண்டொரு நாள் முன்பின் ஆகலாம், அதனால் 110-ஆம் நாளுக்குள் கம்பியும் பல்பும் தயாராக இருக்கட்டும்.